"சத்தம் கேக்குதுங்க... பேச்சுதான் புரியலை!"

கண்ணாடி போடும் வீடுகளில் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பவர் பார்ப்பார்கள், ஃப்ரேம் தேர்ந்தெடுப்பார்கள், இரண்டு நாளில் கண்ணாடி கைக்கு வரும். மூக்கில் மாட்டியதும் எதிர்ச்சுவர் காலண்டரில் தேதி பளிச்சென்று தெரியும். அன்றோடு அந்த வேலை முடிந்தது.

காது மெஷினையும் அப்படி நினைத்துத்தான் வாங்குகிறார்கள். வாங்கி, மாட்டி, இரண்டு மாதம் கழித்து அது பீரோவுக்குள் போய்விடுகிறது. 'அப்பாவுக்கு ஒத்துக்கலை', 'அம்மா போட மாட்டேங்கிறாங்க', 'அவ்வளவு பணமும் தண்டம்' என்று வீட்டில் ஆளுக்கொரு வரியில் கதையை முடித்துவிடுவார்கள். காதில் மாட்டியவர் என்ன சொன்னார் என்று கேட்டால், அநேகமாக யாருக்கும் நினைவிருக்காது.

பள்ளிபாளையத்தில் வசிக்கும் 67 வயதுப் பெரியவர் ஒருவருக்கும் இதுதான் நடந்தது. ஆனால், அவர் கதை பீரோவோடு நிற்கவில்லை. நடுவில் ஒரு மாத்திரைக் குழப்பம் வந்தது. 'அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு' என்று வீடே முடிவுகட்டிய ஆறு மாதங்களும் வந்தன.

தறிக்குக் கொடுத்த காது

15 வயதில் விசைத்தறிப் பட்டறைக்குள் நுழைந்தவர் அவர். 45 வருடங்கள் தறி ஓட்டினார். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தறிகள் ஓடும்போது சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு, நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 டெசிபல்தான். அவருடைய ஷிஃப்ட் 12 மணி நேரம். தறியின் ஓட்டத்தில் கோளாறு என்றால் முதலில் சத்தம்தான் மாறும் என்பதால், காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

பட்டறைக்குள் யாரும் வாய்விட்டுப் பேசிப் பயனில்லை. கை ஜாடையும் உதட்டசைவும்தான் அங்கே மொழி. அதனால் தனக்கே தெரியாமல் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது. காது மங்கிக்கொண்டே வந்தபோதும், எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். வீட்டில் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

2020-ல் எல்லோரும் முகக்கவசம் போட்டார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மளிகைக் கடையில் "எவ்வளவுங்க?" என்று மூன்று முறை கேட்டார். பேங்கில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் யாரும் முகக்கவசம் போடவில்லை என்றாலும், அடுப்படியில் திரும்பி நின்றபடி மனைவி பேசுவது எதுவும் அவருக்குப் போய்ச்சேரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்கள். அந்த அம்மா குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தார். மூன்று வருடங்களில் அது கத்தலாகவே மாறிவிட்டது. "ஏனுங்க... காப்பி ஆறுதுங்க" என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு, காலை ஆறு மணிக்கே இந்த வீட்டில் சண்டை என்று தோன்றும்.

"எனக்குச் சத்தம் கேக்குதுங்க. பேச்சுதான் புரியலை" என்பார் பெரியவர். "ரெண்டும் ஒண்ணுதானேப்பா" என்பான் மகன்.

இரண்டும் ஒன்றல்ல. உள்காதில், நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் பகுதியில், காதுக்குச் சுமார் 15 ஆயிரம் மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குக் கடத்துவதில் அவற்றின் பங்குதான் பெரிது. தொடர்ச்சியான இரைச்சலில் அவை சாகும். செத்தது மறுபடியும் முளைக்காது. இரைச்சல் முதலில் பறிப்பது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உச்ச ஒலிகளை. தாழ்ந்த ஒலிகள் பல வருடங்களுக்கு ஓரளவு தப்பித்திருக்கும்.

பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் கனமானவை, தாழ்ந்தவை. ச, த, ப, க போன்ற மெய் ஒலிகள் மெல்லியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் உச்ச ஒலிகளில்தான் இருக்கிறது. அந்தப் பகுதி போய்விட்டால், யாரோ பேசுகிறார்கள் என்பது நன்றாகவே கேட்கும். 'பட்டு' என்றார்களா, 'தட்டு' என்றார்களா, 'கட்டு' என்றார்களா என்பதுதான் தெரியாது.

இருபது நிமிடத்தில் முடிந்த வேலை

'இலவச காது பரிசோதனை முகாம்' என்ற நோட்டீஸைப் பார்த்துத்தான் மகன் அவரை அழைத்துப்போனான். முகாம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். வெளியே பஸ் ஹாரன், உள்ளே மின்விசிறி, பக்கத்து மேஜையில் இன்னொருவருக்குச் சோதனை. ஹெட்போன் மாட்டி, 'டொய்ங்' சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். காதுக்குள் லைட் அடித்துப் பார்க்கவில்லை.

பரிசோதனை செய்தவர் பேசியது முழுக்க மகனிடம்தான். "சார், அப்பாவுக்கு ரெண்டு காதும் குறைஞ்சிருக்கு. இது லேட்டஸ்ட் டிஜிட்டல் மாடல். காதுக்குப் பின்னாடி இருக்கிறதே தெரியாது. ஜோடி 52 ஆயிரம், இன்னைக்கே எடுத்தா ஆஃபர் உண்டு." நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "கேக்குதாங்கய்யா?" அவர் "கேக்குதுங்க" என்றார். கேட்கத்தானே செய்தது! கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அந்த பட்டன் என்ன செய்கிறது என்பதை வாங்குகிறவர்கள் யாரும் விசாரிப்பதில்லை. காது சோதனையின் அளவுகளை ஏற்றியதும், தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருள் ஒரு தோராயமான செட்டிங்கைப் போட்டுக் கொடுக்கும். 'ஃபர்ஸ்ட் ஃபிட்' என்பார்கள். சராசரிக் காது ஒன்றை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. ரெடிமேட் சட்டை மாதிரி. சிலருக்குத் தோளில் சரியாக உட்காரும். பலருக்குக் கையைச் சுருக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும். தையல்காரர் அளவெடுத்துப் பிடித்துக் கொடுக்கும் அந்த வேலைதான் 'ஃபிட்டிங்'. அவருக்கு அது நடக்கவே இல்லை.

மறுநாள் காலையிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. தட்டு வைக்கும் சத்தம் ஊசியாகக் குத்தியது. சொந்தக் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல முழங்கியது. சாப்பாட்டை மென்றால் தலைக்குள் மாவு மில் ஓடியது. பேரனைத் தூக்கிக் கன்னத்தோடு அணைத்தால் மெஷின் 'கீ...' என்று விசிலடித்தது. பையன் முதலில் சிரித்தான், அப்புறம் தாத்தாவிடம் வரவே யோசித்தான்.

திரும்பப் போனார்கள். "சவுண்டு அதிகமா இருக்கு போலிருக்கு" என்று சொல்லி எல்லாவற்றையும் மொத்தமாகக் குறைத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் போனார்கள். இன்னும் குறைத்தார்கள். மூன்றாவது முறையிலிருந்து ப்ரோகிராமிங்குக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அதற்குள் குத்தல் நின்றுபோயிருந்தது, விசிலும் நின்றுபோயிருந்தது. கூடவே, எந்த ஒலி வேண்டுமென்று மெஷின் வாங்கினாரோ அதுவும் நின்றுபோயிருந்தது. சொல்லப்போனால், காதில் 52 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு அடைப்பான் மாட்டியிருந்தார்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று மகன் கேட்டான்.

"தொந்தரவு இல்லை சாமி" என்றார் பெரியவர். அது உண்மைதான். கொஞ்ச நாளில் கழற்றி வைத்துவிட்டார்.

முன்னாடியா, பின்னாடியா?

அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவது பெரியவர்தான். டோக்கன் போடுவது, மாத்திரை வாங்குவது, எந்த வேளைக்கு எதைப் போட வேண்டும் என்று வீட்டில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கு வேறு யாருடனும் போனதில்லை.

ஒருமுறை டாக்டர் மாத்திரையை மாற்றினார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, முகக்கவசத்தோடு சொன்னார். பெரியவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து "சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்" என்றார். அந்த அம்மாவும் வெறும் வயிற்றில் போட்டார். ஒரு வாரம் வயிற்றைப் பிரட்டியது, சாப்பிட்டது தங்கவில்லை, ஆள் துவண்டுபோனார். மகன் பதறிக் கூட்டிக்கொண்டு ஓடினான். "சாப்பிட்ட பின்னாடின்னு அன்னைக்கே தெளிவாச் சொன்னேனே" என்றார் டாக்டர்.

'முன்னாடி', 'பின்னாடி' என்ற இரண்டு சொற்களையும் கொஞ்சம் கவனித்தால் அவர் காதின் நிலைமை புரியும். முதல் எழுத்தைத் தவிர இரண்டும் ஒன்றுதான். 'உ', 'இ' இரண்டின் தாழ்ந்த பகுதியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒலிப்பவை. வித்தியாசம் மேல் பகுதியில்தான் இருக்கிறது. அவருக்கு மேல் பகுதி இல்லை. 'ம', 'ப' இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடும். 'உ'வுக்கு உதடு குவியும், 'இ'க்கு விரியும், அதைப் பார்த்தாவது பிடித்திருப்பார். அதையும் முகக்கவசம் மறைத்துவிட்டது. 45 வருடம் உதவிய வித்தை அன்று கைகொடுக்கவில்லை.

வீட்டில் யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டாக்டர் சொன்னது அப்பாவுக்கு நினைவில்லை. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் இப்போது புது அர்த்தத்தோடு ஞாபகத்துக்கு வந்தது. சொன்ன சாமானை விட்டுவிட்டு வேறு எதையோ வாங்கி வந்தது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னது, கல்யாண வீட்டில் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. 'மறதி நோயா இருக்குமோ?' என்று மகன் தங்கையிடம் போனில் சொன்னான். அடுத்த மாதத்திலிருந்து அம்மாவை டாக்டரிடம் அவனே கூட்டிக்கொண்டு போனான். பெரியவர் செருப்பைப் போட்டுக்கொண்டு திண்ணை வரைக்கும் வந்தார். "நீங்க இருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காதுக்கும் மறதிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், சரிசெய்யக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாகச் செவித்திறன் குறைவும் இருக்கிறது. பேச்சு புரியாதவர் மெள்ள மெள்ளக் கூட்டத்திலிருந்து விலகுகிறார். மூளைக்கு வேலை குறைகிறது. அப்படியானால், மறதி என்று சந்தேகம் வந்தால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் காதைப் பார்த்தாகிவிட்டது, மெஷினும் வாங்கியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

அவரிடம் கேட்ட முதல் ஆள்

கோயம்புத்தூரில் இருக்கும் மகள்தான், "அந்த மெஷினை எடுத்துட்டு வாங்கப்பா, இன்னொரு தடவை காட்டிப்பாக்கலாம்" என்று பிடிவாதமாகக் கூப்பிட்டார். அதற்கு முன்பு ஈரோட்டில் ஒரு கடையில் விசாரித்திருந்தார்கள். "இது எங்க கம்பெனி மெஷின் இல்லைங்க, தொட முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் தனி மென்பொருள். போதாததற்கு, தங்கள் கிளைகளில் மட்டுமே திறக்கும்படி கருவியைப் பூட்டி விற்பவர்களும் உண்டு. 'நாளைக்கு வேறு ஊரில் வேறொருவரிடம் இதை ப்ரோகிராம் செய்துகொள்ள முடியுமா?' என்பது வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

கோவையில் அவரைப் பார்த்தது இளம்வயது ஆடியாலஜிஸ்ட் ஒருவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர். மகள் விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது, "ஒரு நிமிஷங்க, அப்பாவே சொல்லட்டும்" என்று தடுத்துவிட்டார். நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, "எப்பங்கப்பா கஷ்டமா இருக்கு? யார் பேசினாப் புரியலை?" என்று நிதானமாகக் கேட்டார். பெரியவருக்கு உடனே பதில் வரவில்லை. அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை.

முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இடது காதில் அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தது. இ.என்.டி டாக்டரிடம் அனுப்பி எடுத்துவரச் சொன்னார். பிறகு சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து மறுபடியும் முழுச் சோதனை. மெல்லிய ஒலி எங்கே கேட்க ஆரம்பிக்கிறது என்பதோடு, பலத்த ஒலி எந்த இடத்தில் பொறுக்க முடியாமல் போகிறது என்பதையும் அளந்தார். பிறகு தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தார். முகாமில் போட்ட வரைபடத்துக்கும் இதற்கும் இடது காதில் நிறையவே வித்தியாசம். காரணம், மண்டபத்து இரைச்சலும் காது அழுக்கும்.

அடுத்து மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். எவ்வளவு நேரம் மாட்டியிருந்தார் என்ற கணக்கை மெஷினே பதிவுசெய்து வைத்திருக்கும். நாளொன்றுக்குச் சராசரியாக 40 நிமிடம் என்று காட்டியது. பெரியவர் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனைப்போலத் தலைகுனிந்தார். "நீங்க போடாதது தப்பில்லைங்கப்பா. இந்த செட்டிங்ல நானா இருந்தாலும் கழட்டித்தான் வெச்சிருப்பேன்" என்றார் அந்தப் பெண்.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் நடந்தது. மயிரிழைபோன்ற சிலிக்கான் குழாய் ஒன்றைக் காதுக்குள், செவிப்பறைக்குப் பக்கம்வரை மெதுவாக விட்டார். அதன் மேல் மெஷினை மாட்டினார். எதிரே இருந்த ஸ்பீக்கரில் ஒரு பேச்சொலி ஓடியது. ஆங்கிலம், அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழிகளில் பெண்கள் பேசியதைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கலந்து, இந்தச் சோதனைக்கென்றே தயாரித்த ஒலி அது. மனிதப் பேச்சுபோலவே இருக்கும். ஒரு சொல்லும் புரியாது. "எனக்கு எப்பவுமே இப்படித்தான் அம்மிணி கேக்குது" என்றார் பெரியவர். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

'ரியல் இயர் மெஷர்மென்ட்' என்று இதற்குப் பெயர். மெஷின் வெளியே எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை அல்ல, இந்தக் காதின் செவிப்பறைக்குப் பக்கத்தில் எவ்வளவு போய்ச்சேருகிறது என்பதை அளக்கும் சோதனை. ஒவ்வொருவர் காதுக்குழாயின் நீளமும் அகலமும் வேறு. மென்பொருள் நினைப்பதற்கும் செவிப்பறை வாங்குவதற்கும் இடைவெளி 10 டெசிபலைத் தாண்டுவதும் உண்டு. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று, அவர் கேட்புக் குறைவுக்கு எவ்வளவு வேண்டும் என்ற இலக்கு. ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த, உலகம் முழுவதும் பயன்படுகிற கணக்கு அது. இன்னொன்று, மெஷின் உண்மையில் தருவது. 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டாவது கோடு 15 டெசிபல் கீழே கிடந்தது. அதாவது, ப, த, ச எல்லாம் இருக்கும் இடத்தில் மெஷின் கிட்டத்தட்ட சும்மா இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டி, கோடுகளைப் பக்கத்தில் கொண்டுவந்தார். தட்டு, டம்ளர் சத்தம் குத்தாமல் இருக்க, பலத்த ஒலிக்கு மட்டும் தனி வரம்பு வைத்தார். காதுக்குள் போகும் மூடிய ரப்பர் குடைக்குப் பதிலாகத் துளையுள்ள குடையைப் போட்டார். பானைக்குள் பேசுவதுபோன்ற முழக்கம் அதோடு குறைந்தது. காதுக்குள் சரியாக உட்காரும் அளவைத் தேர்ந்தெடுத்து, விசிலுக்கென்று இருக்கும் சோதனையையும் ஓட்டினார். கட்டணம் 1,500 ரூபாய். மெஷின் அதே பழைய மெஷின்தான்.

கடைசியாக, கூட வந்திருந்த மனைவியைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு, கத்தாமல், சாதாரணக் குரலில் 'முன்னாடி', 'பின்னாடி' என்று மாற்றி மாற்றிப் பத்து தடவை சொல்லச் சொன்னார். மாத்திரைக் கதையை மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த அம்மாவால் முதலில் சாதாரணக் குரலில் பேசவே முடியவில்லை. கணவரைப் பார்த்ததும் குரல் தானாக உயர்ந்தது. ஆடியாலஜிஸ்ட் கையைக் காட்டி இரண்டு தடவை இறக்கச் சொன்னார். பத்தில் எட்டைப் பெரியவர் சரியாகச் சொன்னார்.

"எத்தனையோ வருஷமாக் கத்திக் கத்தி என் குரலே மாறிப்போச்சுங்க" என்றார் அந்த அம்மா.

தறிக்கணக்கு நோட்டு

அன்றோடு முடியவில்லை. இழந்த ஒலிகளைப் பல வருடம் கழித்துக் கேட்கும் மூளைக்கு அவை முதலில் அந்நியமாகத்தான் இருக்கும். பழகச் சில வாரங்களோ, சிலருக்குச் சில மாதங்களோ ஆகும். அதனால் முதலில் இலக்கைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்து, வாராவாரம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், ஒருவரோடு மட்டும் பேச்சு. அப்புறம் டி.வி. அப்புறம் தெரு. சந்தையும் கல்யாண மண்டபமும் கடைசியில்.

"ஒரு நோட்டுல எழுதி வைங்கப்பா. எந்த இடம், யார் பேசினாங்க, எப்படிக் கேட்டுச்சுன்னு எழுதுங்க. 'சரியில்லை'ன்னு மட்டும் சொன்னா எனக்கு எதை மாத்தறதுன்னு தெரியாது" என்று சொல்லி அனுப்பினார் ஆடியாலஜிஸ்ட். எத்தனை மீட்டர் ஓடியது, எத்தனை முறை நூல் அறுந்தது என்று 45 வருடம் கணக்கு எழுதிய மனிதருக்கு அது ஒரு வேலையா? பாதி எழுதிய பழைய தறிக்கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

'திங்கள். பேரன் ஸ்கூல் கதை சொன்னான். பாதி புரிந்தது. வேகமாகப் பேசுகிறான்.'

'புதன். பால் கவர் கிழிக்கும் சத்தம் காதைக் கிழிக்கிறது.'

'வெள்ளி. சந்தை. எதிரே நிற்கும் கடைக்காரன் பேச்சைவிடப் பின்னால் போகிறவர்கள் பேச்சுதான் அதிகம் கேட்கிறது.'

'ஞாயிறு. வலது மெஷின் சத்தம் குறைந்துவிட்டது.'

ஒவ்வொரு வரிக்கும் ஒரு திருகு உண்டு. கவர் கிழியும் சத்தத்துக்கு ஒன்று, சந்தைக்கு முன்பக்க ஒலியை மட்டும் முதன்மையாக வாங்கும் தனி ப்ரோகிராம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைப் புகாருக்குத் திருகே தேவைப்படவில்லை. ஒலி வரும் முனையில் இருக்கும் பொடி வடிகட்டி, காது அழுக்கால் அடைத்திருந்தது. அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. 'ரிப்பேர்' என்று கொண்டுவரப்படும் மெஷின்களில் பலவற்றின் கோளாறு இதுதான். பேட்டரி விஷயமும் அப்படித்தான். ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மாட்டாமல், காற்றுப்பட ஓரிரு நிமிடம் வைத்துவிட்டு மாட்ட வேண்டும். ஸ்டிக்கரை மறுபடி ஒட்டினாலும் போன சக்தி திரும்பாது. இதையெல்லாம் முதல் கடையில் யாரும் சொல்லித்தரவில்லை.

நான்கு முறை கோவைக்குப் போய்வந்தார். பள்ளிபாளையத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள். காது மெஷின் என்றால் இந்த நாட்களும் இந்த நாற்காலியும் சேர்ந்ததுதான் என்பதை விற்கிறவர்களும் சொல்வதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. மெஷின் தேவைப்படுகிறவர்களில் 17 சதவிகிதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. விலை ஒரு காரணம், வெட்கம் ஒரு காரணம். வாங்கியும் பீரோவில் வைத்திருப்பவர்களிடம், 'உங்களுக்கு எப்படிக் கேக்குது?' என்று யாராவது உட்கார்ந்து கேட்டார்களா என்பதையும் அந்தக் காரணங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அரசு உதவியும் இருக்கிறது. மத்திய அரசின் அடிப் திட்டத்திலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமாகவும் தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகக் கருவி கிடைக்கிறது. பெரியவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 'கேட்புக் குறைபாடு உள்ளவர்' என்ற வரையறைக்குள் வர, பேச்சு அதிர்வெண்களில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருக்க வேண்டும். தாழ்ந்த ஒலிகள் தப்பித்திருப்பதால் அவருடைய சராசரி அதற்குக் கீழே நின்றுவிட்டது. தறி பறித்த உச்ச ஒலிகள் அந்தச் சராசரியில் சரியாகத் தெரிவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்தில் மேளம் அடித்தால் பக்கத்து இலைக்காரர் பேசுவது இப்போதும் புரியவில்லை. அது எவ்வளவு விலை உயர்ந்த மெஷினுக்கும் கடினம்தான். செத்துப்போன செல்களுக்கு மெஷின் உயிர் கொடுக்காது. போனில் பேசுவதற்கு இன்னும் ஸ்பீக்கர் போட வேண்டியிருக்கிறது. இடது காது வலது காதைவிட மெதுவாகத்தான் பழகுகிறது.

ஆனால், இப்போது நாளொன்றுக்கு 11 மணி நேரம் மாட்டியிருக்கிறார் என்று மெஷின் சொல்கிறது. ஒருநாள் காலையில் அடுப்படியிலிருந்து "ஏனுங்க...!" என்று வழக்கம்போல மனைவி கத்தினார். "எதுக்குக் கத்தறே? மெதுவாவே சொல்லு" என்றார் அவர். அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, சொல்ல வந்ததை மறந்துவிட்டுச் சிரித்தாராம். மகளிடம் இதைப் போனில் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

போன மாதம் மனைவியை டாக்டரிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். மகன் ஒன்றும் சொல்லவில்லை; வண்டிச் சாவியை மட்டும் எடுத்துக் கொடுத்தான். உள்ளே போனதும், "டாக்டர், எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க" என்றார். இத்தனை வருடத்தில் வெளி ஆள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பி, நிதானமாகச் சொன்னார். பெரியவர் அதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

நோட்டில் எழுதுவதை அவர் இன்னும் விடவில்லை. அடுத்த சந்திப்பு இரண்டு மாதம் கழித்து. அதற்காக எழுதி வைத்திருக்கும் பக்கத்தில் கடைசி வரி இது: 'பக்கத்துத் தெருவில் தறி ஓடுகிறது. நன்றாகக் கேட்கிறது. அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம்.'